சித்தப்பாவுக்கு வலிக்கவில்லை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வழக்கமாக இந்த இடத்தை ஒதுக்குவேன், ஆனால் உன் மனைவி போன வாரமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று உன் டாக்டர் சொன்னாராம், நீ அதை என்னிடம் சொல்லவில்லை. எல்லையில் நிற்பது என்றால் உள்ளே வர யோசிக்கிறது என்று நீ நினைக்கிறாய் போலிருக்கிறது. மாத்திரையை ஓரம் வைத்துவிட்டு, உணவாலேயே எல்லாவற்றையும் விரட்டிவிடலாம் என்று யாரோ கணினியில் நடத்தும் வகுப்பில் சேர்ந்திருக்கிறாய் என்றும் சொன்னாள். அவளைத் திட்டாதே. போனில் பேச்சை எடுத்தால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே நீ வேறு வேலை பார்ப்பது எனக்குத் தெரியும், விசைப்பலகைச் சத்தம் இங்கே வரை கேட்கிறது. காகிதத்தில் எழுதினால் கடைசி வரி வரை படித்தாக வேண்டும். எங்கள் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் அப்படித்தான் பழக்கினார்கள், வந்த கடிதத்தைப் பாதியில் மடித்து வைப்பது எழுதியவரின் வாயைப் பொத்துவதற்குச் சமம் என்பார்கள். ஆகவே உட்கார்ந்து படி. சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே.

உன் சித்தப்பாவின் காலில் சின்னப் புண், ஆஸ்பத்திரியில் காட்டினோம் என்று போனில் சொன்னேன் அல்லவா. அது சின்னப் புண் இல்லை. வீடு வந்து சேரும்வரை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். இப்போது வந்துவிட்டார், எதிர்வீட்டில் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். நம் கட்டடத்துப் பொதுக் கூடத்தில் ஆரோக்கிய வகுப்பு நடக்கிறது என்று உனக்குத் தெரியும், நீதான் வீடியோவில் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "அம்மா, நீயும் போயேன்" என்றாய். அதை நடத்துகிறவரை எல்லோரும் ஆசான் என்கிறார்கள். எந்நேரமும் கையில் ஒரு பாட்டிலில் பச்சையாக எதையோ வைத்து உறிஞ்சிக்கொண்டிருப்பதால் நான் பச்சைச்சாறு என்று பெயர் வைத்திருக்கிறேன். பேச்சு நன்றாக இருக்கும், அதை மறுக்கமாட்டேன். நோய் என்று ஒன்றுமே கிடையாது, உடம்பில் கழிவு தங்குவதுதான் என்பது அவருடைய மொத்தப் படிப்பு. தலை சுற்றினால் கழிவு வெளியேறுகிறது, வயிறு வலித்தால் கழிவு வெளியேறுகிறது, காய்ச்சல் வந்தால் நிறையக் கழிவு வெளியேறுகிறது. இந்தக் கட்டடத்தில் வெளியேறாமல் இருப்பது தண்ணீர்த் தொட்டியின் கழிவு மட்டும்தான், அதற்குக் குழாய்க்காரரை அழைத்தும் வரவில்லை.

வகுப்பு வந்ததிலிருந்து இங்கே யாரையும் தேநீருக்குக் கூப்பிட முடியவில்லை. இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் அம்மா இருக்கிறாரே, அவர் மாவுப்பொருள் தொடமாட்டார். அவருக்கு எதிரில் இருக்கும் தையல்காரர் உப்பு தொடமாட்டார், கீழ்வீட்டுத் தம்பதி சூரியன் இறங்கிய பிறகு வாயையே திறப்பதில்லை, பேசுவதற்கு மட்டும் திறக்கிறார்கள். போன மாதம் நாலு பேரை அழைத்தேன், கடைசியில் மேஜையில் வெந்நீரும் வெள்ளரித் துண்டும்தான் மிஞ்சின, அதிலும் ஒருவர் வெள்ளரி குளிர்ச்சி என்று தள்ளி வைத்தார். மாவுப்பொருள் தொடாத வங்கி அம்மாவின் கைப்பையில் பிஸ்கட் பொட்டலம் இருப்பதை லிஃப்டில் பார்த்தேன், பார்த்ததை அவரும் பார்த்தார், "பேத்திக்கு" என்றார். பேத்தி உன்னைவிடத் தூரமான நாட்டில் இருக்கிறாள். எனக்குப் பிரஷர் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, காலையில் மாத்திரை, உப்பைக் கொஞ்சம் குறைத்துச் சமையல், கடைக்கு நடந்து போய் நடந்து வருவது, நேரத்தோடு தூக்கம். இதைச் சொன்னால் யாரும் கைதட்டுவதில்லை. இதில் கைதட்ட ஒன்றுமில்லை என்பதுதான் இதிலுள்ள நல்ல விஷயம்.

கைதட்டல் என்றேனே, அதுதான் அந்த வகுப்பின் உயிர். வந்தவுடன் ஒவ்வொருவரும் எழுந்து நின்று நேற்று எதை விலக்கினேன் என்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் தட்டுவார்கள். இனிப்பு தின்றேன் என்று உண்மையைச் சொல்கிறவருக்குப் பின்வரிசை பெஞ்சு. அதன்பிறகு கல் நடை. தொட்டி கட்டியபோது மிஞ்சிய ஜல்லியை ஒரு நீளமான மரத்தட்டில் கொட்டி வைத்திருக்கிறார்கள், அதில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும், பாதத்தில் எல்லா உறுப்புக்கும் பொத்தான் இருக்கிறதாம். வங்கி அம்மா இரண்டு அடி வைத்துவிட்டு சுவரைப் பிடித்துக்கொள்வாராம், தையல்காரர் அந்தத் தட்டுக்கு மட்டும் என்று தனியாக ஒரு முனகல் வைத்திருக்கிறாராம். உன் சித்தப்பா மட்டும் கம்பளத்தில் நடப்பதுபோல் நடந்தாராம். ஒரு முனை முதல் மறுமுனை வரை, திரும்பவும், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். பச்சைச்சாறு அவரை நடுவில் நிறுத்தி, "பாருங்க, இவருக்கு வலிக்கலை, சர்க்கரைக்காரர்னு டாக்டருங்க சொன்ன மனுஷன், மாத்திரையை விட்டு ரெண்டு மாசம் ஆகுது, வலியையே ஜெயிச்சுட்டார்" என்றாராம். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பொற்பாதம் என்று எழுதிய கேடயம் ஒன்று கொடுத்தார்கள், அதைத்தான் நீ வீடியோவில் பார்த்தாய். யாரும் சந்தேகப்படவும் இடமில்லை, ஏனென்றால் நில அளவைத் துறையில் வாழ்நாள் முழுக்க அளவுச் சங்கிலி இழுத்துக்கொண்டு காடும் மேடும் நடந்தவர், அவரே, "முள்ளுல நடந்த காலு இது, ஜல்லி என்ன பண்ணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு புதிதாக யார் சேர்ந்தாலும் அவர்களுக்கு நடந்து காட்டுவது சித்தப்பாவின் வேலை ஆகிவிட்டது. மாத்திரைக்குப் பதிலாகக் காலையில் ஒரு கூஜா பழச்சாறு, இயற்கைச் சர்க்கரை உடம்புக்கு உறவுக்காரனாம், கெடுதல் செய்யாதாம்.

மாத்திரையை விட்டது அப்போது எனக்குத் தெரியாது. மதியம் என் மேஜையில்தான் சாப்பிடுகிறார் என்றாலும் மாத்திரையைத் தன் வீட்டில் போட்டுக்கொள்வார், நானும் கேட்டதில்லை, அறுபது தாண்டிய மனிதரிடம் மாத்திரை போட்டீர்களா என்று கேட்பது மரியாதை இல்லை என்று இருந்தேன். தண்ணீர் அதிகம் குடித்தார், மெலிந்தார், வகுப்பில் அதற்கும் தட்டினார்கள். ஒருநாள் காலுறை போட்டுக்கொண்டு சாப்பிட வந்தார். வீட்டுக்குள் காலுறை போடுகிறவனைக் கண்டாலே, "என்ன, காலுக்குக் குளிருதா?" என்று கேலி செய்கிறவர், மறுநாளும் போட்டிருந்தார். அவர் எழுந்து போன பிறகு நாற்காலிக்குக் கீழே தரையில் ஒரு கறை இருந்தது. என் தரையை உனக்குத் தெரியும். தக்காளியாக இருக்கும் என்று துடைத்தேன், துணியில் வேறு வாடை அடித்தது. நேராக எதிர்வீட்டுக்குப் போய், "தம்பி, அந்தக் காலுறையைக் கழற்றுங்க" என்றேன். "ஒண்ணுமில்லை அண்ணி, கொப்புளம், ஆசான் மஞ்சப்பூச்சு குடுத்திருக்கார், கழிவு அந்த வழியா வருதாம்" என்றார். கழற்றுங்கள் என்று இரண்டாவது தடவை நான் சொல்லமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். துணி ஒட்டிக்கொண்டிருந்தது, வெந்நீர் விட்டுத்தான் பிரிக்க வேண்டியிருந்தது, அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு குழாய்க்காரர் வராததைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு குழி. குழிக்குள் ஒரு ஜல்லிச் சில்லு உட்கார்ந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் நடந்திருக்கிறார், மாடி ஏறியிருக்கிறார், புதியவர்களுக்கு நடந்து காட்டியிருக்கிறார். "இது எப்ப உள்ள போச்சு?" என்று என்னைக் கேட்டார். நான் எப்படிச் சொல்வேன்.

ஆஸ்பத்திரியில் கால் பிரிவில் ஒரு இளம் டாக்டர் பெண், நகம் ஒட்ட வெட்டியிருந்தாள், அதனால் எனக்கு நம்பிக்கை வந்தது. புண்ணைப் பார்ப்பதற்கு முன் சித்தப்பாவைக் கண்ணை மூடச் சொன்னாள், ஒரு நைலான் இழையை எடுத்து உள்ளங்காலில் அங்கங்கே குத்தினாள், தொடும்போது சொல்லுங்கள் என்றாள். வளைகிற அளவுக்கு அழுத்துகிறாள், நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அவர் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணை மூடியபடியே, "எப்பம்மா தொடப்போறீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் இழையைக் கீழே வைத்துவிட்டு, "தொட்டு முடிச்சுட்டேன் ஐயா" என்றாள். அப்போதுதான் அவர் முகம் சுருங்கியது. சர்க்கரை வருஷக்கணக்காக நரம்பைத் தின்றுவிட்டது, பாதத்துக்கு வலி தெரிவதே இல்லை, வலி தெரியாத கால்தான் ஆபத்தான கால் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். வலியை ஜெயித்ததாகக் கேடயம் வாங்கினாரே, அது வலியை ஜெயித்தது இல்லையப்பா, வலி சொல்லிக்கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் முனகினார்களே, அவர்கள்தான் ஆரோக்கியமானவர்கள். அந்தக் கூடத்தில் கேடயம் கொடுக்க வேண்டுமானால் தையல்காரருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

அழுகல் சுண்டுவிரலைத் தாண்டி மேலே போகப் பார்க்கிறது, விரலை இப்போது எடுத்தால் கால் தப்பும், தள்ளிப்போட்டால் பேச்சு விரலைப் பற்றி இருக்காது என்றாள். சித்தப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். யோசிக்கணும் என்கிறார், வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்கிறார், வீட்டில் அவருக்கு யாரைக் கேட்க வேண்டியிருக்கிறது, கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். டாக்டர் வெளியே போய்க் கதவு சாத்தியதும் சொன்னார், "அண்ணி, பொற்பாதம்னு குடுத்தாங்க, இப்ப விரலைக் குடுத்துட்டு எந்த முகத்தோட அங்க போவேன்". ஒரு காலே போகப்போகிறது, இவர் முகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த நேரம் பார்த்துப் பச்சைச்சாறு போன் செய்தார். கத்தி வைக்க விடாதீர்கள், மூன்று நாள் பட்டினி இருந்தால் தானே காய்ந்துவிடும் என்று அவர் சொல்வது எனக்கே கேட்டது, சித்தப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். போனை நான் வாங்கினேன். "ஐயா, இவருக்கு இன்றைக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரியுமா?" என்று கேட்டேன். "நாங்க எண்ணிக்கையை நம்புறதில்லம்மா" என்றார். "நல்லதாகப் போயிற்று, அப்படியானால் காலில் விரல் அஞ்சு இருந்தாலும் நாலு இருந்தாலும் உங்களுக்கு ஒன்றுதான், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சித்தப்பா சிரித்தார், கட்டில் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பால் வந்தது என்று இருவரும் வைத்துக்கொண்டோம். பேனா கொடுங்கள் என்றார்.

விரல் போயிற்று, கால் தப்பியது. மறுநாள் கட்டு மாற்றும்போது கணுக்காலுக்குப் பக்கத்தில் டாக்டர் அழுத்தியதும் ஐயோ என்றார். அந்தப் பெண்ணுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, "வலிக்குதா, நல்லா வலிக்குதா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு மேலே நரம்பு உயிரோடுதான் இருக்கிறது, ரத்தமும் ஓடுகிறது என்றாள். இப்போதைக்கு ஊசி, சாப்பாட்டுக்கு என் மேஜை, கூஜா என் பரணில். இனி காலையும் மாலையும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், அவரால் குனிய முடியாது. அண்ணி என் காலைப் பார்க்கிறதா என்று முதல் நாள் போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டார். உங்கள் அண்ணன் இருந்திருந்தால் அவரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன், இல்லை, அதனால் நான்தான், நீட்டுங்கள் என்றேன். டார்ச்சை வைத்து விரல் இடுக்கு வரை பார்க்கிறேன். அந்த நேரத்தில் அவர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு அரசியல் பேசுவார், நான் பதில் சொல்வேன்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே வகுப்புக்காரர்கள் பார்க்க வந்தார்கள், சர்க்கரைக்காரரைப் பார்க்க ஒரு கூடை நிறையத் திராட்சையும் மாம்பழமும் தூக்கிக்கொண்டு. பச்சைச்சாறு பாட்டிலோடு வந்தார். உட்கார்ந்து உறிஞ்சிவிட்டு, "உங்களுக்கு நடுவுல சந்தேகம் வந்துடுச்சு சார், அதான் உடம்பு ஏத்துக்கலை, சந்தேகம் பெரிய விஷம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா பேசினார். அவர் குரல் உயர்ந்து நீ கேட்டிருக்கமாட்டாய், அன்றும் உயரவில்லை. "வலிக்கலைன்னு சொன்னப்ப எழுந்து நின்னு கைதட்டினீங்க ஐயா. இப்ப வலிக்குது. இதுக்கும் ஒரு தடவை தட்டுங்க" என்றார். தையல்காரர் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டார், பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் முட்டியில் வைத்துக்கொண்டார். வங்கி அம்மா மட்டும் போகும்போது கதவருகே நின்று, தன் காலிலும் கொஞ்ச நாளாக மரத்த மாதிரி இருக்கிறது, அந்த டாக்டர் பெண் எந்த நேரத்தில் இருப்பாள் என்று என் காதோடு கேட்டார். அதோடு சித்தப்பா இந்த வகுப்பை மறந்துவிடுவார் என்று நினைத்தேன். போன புதன்கிழமை பார்த்தால், சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு கம்பை ஊன்றிக் கிளம்பி நிற்கிறார். எங்கே என்றேன். வகுப்புக்கு என்றார். "கல்லுல நடக்கமாட்டேன் அண்ணி, டாக்டர் குடுத்த பூட்ஸைக் கழற்றமாட்டேன், சாறு குடிக்கமாட்டேன். ஆனா அங்க போனா நேத்து என்ன பண்ணீங்கன்னு யாராவது கேக்கிறாங்க" என்றார்.

வேலையை விட்டு இறங்கிய நாளிலிருந்து அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து நானும் உப்பு போதுமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பச்சைச்சாறுக்கு நரம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, மனிதர்களுக்கு என்ன குறைச்சல் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டுதான் கடை நடத்துகிறார். நானும் புடவையை மாற்றிக்கொண்டு கூடவே இறங்கினேன். அந்தக் கூடத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. ஒரு நாற்காலியை இழுத்து ஜல்லித் தட்டின் முனையில் போட்டு உட்கார்ந்தேன், சர்க்கரை உள்ளவர்கள் இதில் இறங்கக்கூடாது, மற்றவர்கள் இறங்குவதற்கு முன்னும் பின்னும் உள்ளங்காலைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று சொன்னேன். பச்சைச்சாறு, "இது நம்பிக்கைக்கு விரோதமா இருக்கேம்மா" என்றார். "கால்களுக்கு விரோதமில்லை" என்றேன். வரிசையாகக் காட்டினார்கள். இவ்வளவு ஆரோக்கியமான மனிதர்கள் குதிகாலை இவ்வளவு அழுக்காக வைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. இனி ஒவ்வொரு புதனும் போவதாக இருக்கிறேன், சித்தப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை, எங்க அண்ணி எங்க அண்ணி என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது உன் விஷயம். உணவைப் பார்த்துச் சாப்பிடுவது நல்லது, அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, பெட்டியில் வரும் சாப்பாட்டை நிறுத்து, நாற்காலியை விட்டு எழுந்து நட, படுக்கையில் போனை வைத்துக்கொண்டு புரளாதே. இதெல்லாம் மாத்திரைக்குத் துணை, மாத்திரைக்குப் பதில் இல்லை. குறைக்கலாமா விடலாமா என்பதை உன் டாக்டர் சொல்லட்டும், கைதட்டுகிறவர்கள் சொல்ல வேண்டாம். நீ சேர்ந்திருக்கும் வகுப்பிலும் தட்டுகிறார்கள்தானே, திரையில் சின்னச் சின்னக் கைகள் மேலே பறக்கின்றனவாம், உன் மனைவி சொன்னாள். உன்னைச் சித்தப்பா மாதிரி தனியாக விட்டுவிட்டோமோ என்று அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்யும்போது சாப்பிட்டாயா என்று கேட்கப்போவதில்லை, நேற்று என்ன செய்தாய் என்று கேட்கப்போகிறேன். அவசரப்படாமல் சொல். எனக்கு நேரம் இருக்கிறது.

நீயும் மருமகளும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல், வந்தாலும் மறைக்காமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் பிரார்த்திக்கிறேன். காலில் ஷூ போடுவதற்கு முன் அதைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போடு, இது டாக்டர் பெண் சொன்னது. சித்தப்பாவுக்கு நீயே தனியாக ஒரு கடிதம் எழுது, விரலைப் பற்றிக் கேட்காதே, அளக்கப் போன இடங்களைப் பற்றிக் கேள்.

இப்படிக்கு,
உன்னைப் பற்றி உன் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பாத
உன் அம்மா